பழைய மாருதி ஜென் காருக்கு எந்த இன்ஜின்? மாற்றி 14 மாதம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்

மாருதியின் பெரிய காரான எஸ்டீமின் இன்ஜினைப் போடு, வண்டி பிச்சிக்கிட்டுப் போகும் என்று என்னிடம் சொன்னவர்கள் மொத்தம் ஏழு பேர். அந்த ஏழு பேரில் ஒருத்தர்கூட காலை எட்டரை மணிக்குச் சென்னை மூலக்கடை சிக்னலில் நிற்கிறவர் கிடையாது. பழைய சின்ன காருக்கு இன்ஜின் மாற்றுவது பற்றி யாரைக் கேட்டாலும் குதிரைத்திறனில்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். கடைசியில் போய் நின்றது வேறு இடத்தில்.

வண்டி 2003 மாருதி ஜென், எல்எக்ஸ்ஐ. பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பணத்தில் அப்பா வாங்கியது. அப்போது சில்வர் கலர். இப்போது என்ன கலர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வீடு கொடுங்கையூர், வேலை அம்பத்தூர் எஸ்டேட். மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, ரெட்டேரி, செந்தில் நகர், பாடி என்று போய்த் திரும்ப ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து கிளம்பும் இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரண்டு தடங்களும் என் வழியில்தான் வந்து விழுந்திருக்கின்றன, ஒன்று மூலக்கடை பக்கம், இன்னொன்று ரெட்டேரி பக்கம். ஆக, ஒரு பக்கம் தடுப்புத் தகடு, இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி, நடுவில் நான், முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல் கியர். மூன்றாவது கியர் போட்டால் வீட்டில் சொல்லிக்கொள்கிற அளவுக்கு விசேஷம். இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எந்த இன்ஜின் என்பதை இதுதான் முடிவு செய்தது.

பழைய இன்ஜின் போனது முழுக்க என் தப்பு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தெருவில் தண்ணீர் ஏற ஏற, எல்லோரும் செய்வதுபோல் வண்டியைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிடலாம் என்று விடியற்காலையில் கிளம்பினேன். பாலத்துக்கு ஒரு இருநூறு மீட்டர் இருக்கும்போது முன்னால் போன லாரி தள்ளிய அலை பானெட் மேல் ஏறியது, டக்கென்று ஒரு சத்தம், வண்டி நின்றது. அங்கே நான் செய்திருக்க வேண்டியது சாவியை எடுத்துக்கொண்டு இறங்கித் தள்ளுவது. செய்தது, நாலு தடவை செல்ஃப் அடித்தது. சிலிண்டருக்குள் காற்று போனால் பிஸ்டன் அதை அமுக்கும், தண்ணீர் போனால் அமுங்காது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும். வளைந்தது. அது தெரியாமல் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியே தள்ளி, ஆயில் மாற்றி, ஒரு கடையில் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். லேசாக ஒரு டொக் டொக் சத்தத்தோடு ஏழு மாதம் ஓடியது. 2024 ஜூலையில் பாடி மேம்பாலம் ஏறும்போது ராடு உடைந்து இன்ஜின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. ரோட்டில் நூறு அடிக்கு ஆயில் கோடு.

பிளாக்கில் ஓட்டை விழுந்துவிட்டால் சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து) பிஸ்டன் மாற்றிச் சரிபண்ணுகிற கதையெல்லாம் கிடையாது. இன்சூரன்ஸ் மூன்றாம் நபருக்கானது மட்டும், அதனால் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. காயலான் கடையில் 22,000 ரூபாய்க்குக் கேட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டு வந்தார். அவ்வளவுதான், விற்பதில்லை என்று முடிவாகிவிட்டது.

சரி, இப்போது இன்ஜின்.

முதலில் எஸ்டீம் யோசனை. இது சும்மா வாய்ச்சவடால் இல்லை, அதில் நியாயம் இருக்கிறது. ஜென்னில் வந்தது 993 சிசி, எஸ்டீமில் வந்தது 1298 சிசி. இரண்டும் சுசூகியின் ஒரே ஜி குடும்பம், ஜி10, ஜி13. அதனால் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்கார்ந்துவிடும். ஜென் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ளது) 60 குதிரைத்திறன், பிந்தைய எஸ்டீம் 85. வண்டியின் எடையோ முக்கால் டன் சுமார். கணக்கு போட்டுப் பாருங்கள், ஏன் பசங்க பைத்தியமாக அலைகிறார்கள் என்று புரியும். மச்சானின் நண்பர் ஒருவர் இப்படி மாற்றிய ஜென் வைத்திருக்கிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதவரத்திலிருந்து செங்குன்றம் வரை ஓட்டக் கொடுத்தார். பொய் சொல்லக்கூடாது, இறங்கவே மனசில்லை. இரண்டாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்கிறது, முகத்தில் தானாகச் சிரிப்பு வருகிறது. ஆனால் புழல் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தபோது பிரேக் அழுத்தினேன் பாருங்கள், அப்போது இன்னொரு விஷயமும் புரிந்தது: இன்ஜின் எஸ்டீம், பிரேக் இன்னும் ஜென். அதையும் மாற்ற வேண்டும், டயர் மாற்ற வேண்டும், ரேடியேட்டர் பெரிதாக்க வேண்டும். அப்புறம் பழைய ஜென்னுக்குள் ஒரு எஸ்டீமை வாங்கிப் போட்ட கணக்குதான்.

இன்னொன்று, ஜி13 என்று கேட்டால் எல்லோரும் எஸ்டீம் இன்ஜினையே காட்டுவதில்லை. ஜிப்ஸி இன்ஜினையும் காட்டுவார்கள், அதுவும் 1298 சிசிதான். அது ஜிப்ஸியில் நீளவாக்கில் உட்காருவது, ஜென்னில் குறுக்குவாக்கில். சம்ப் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி), மேனிஃபோல்டு (காற்றும் புகையும் போகும் குழாய்கள்) எல்லாம் அதற்கென்று வேறு. "மாத்திக்கலாம் சார்" என்பார்கள். மாற்றலாம்தான், யார் காசில் என்பதுதான் கேள்வி.

பெயர்க் குழப்பம் இதோடு போகவில்லை. ஜென் இன்ஜின் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நான் ஏறி இறங்கிய கடைகளில் எனக்குக் காட்டப்பட்டவை எத்தனை வகை என்று கேளுங்கள். 1993இல் வந்த ஜென்னின் கார்புரேட்டர் இன்ஜின் ஒன்று, 50 குதிரைத்திறன். என் வண்டியில் இருக்கும் எம்பிஎஃப்ஐ ஒன்று. 2006இல் ஜென் எஸ்டிலோ என்று ஒரு வண்டி வந்ததே, பெயரில் மட்டும்தான் ஜென், அதில் இருந்தது வேகன் ஆரின் 1061 சிசி இன்ஜின். அதையும் ஜென் என்றே காட்டினார்கள். அதே எஸ்டிலோவில் 2009க்குப் பிறகு கே10 இன்ஜின், அதுவும் ஜென். இது போதாதென்று ஒருத்தர் ஜென் டீசல் ஒன்றைக் காட்டினார், பியூஜோவின் 1527 சிசி, இன்னும் ஓடுகிற நிலையில்! பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் போட்டால் ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்று) எரிபொருளே மாறுகிறது, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஆக, போனில் ஜென் இன்ஜின் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கு என்று சொன்னதும் ஆட்டோ பிடித்து ஓடாதீர்கள். எத்தனை சிசி, கார்புரேட்டரா இன்ஜெக்டரா, எந்த வருட வண்டியில் இருந்து கழற்றியது, இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். நான் நாலு நடை வீணாகப் போய்விட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

கே10 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் காகிதத்தில் அதுதான் சிறந்தது. 998 சிசி, மூன்று சிலிண்டர், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், மைலேஜ் நன்றாக வரும், உதிரி பாகம் எந்தத் தெருவிலும் கிடைக்கும், இன்ஜினுக்கும் வயசு குறைவு. ஒரு வாரம் அதையே போடுவதாக இருந்தேன். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் பிடி) எல்லாம் புதிதாக வெட்டி வெல்டிங் அடிக்க வேண்டும். கியர் பாக்ஸ், வயரிங், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாம் அந்த வண்டியுடையதே வேண்டும். இசியுவும் சாவியும் ஜோடி, சாவியில் இருக்கும் சிப்பை அது அடையாளம் காணவில்லை என்றால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, அதனால் சாவி செட்டும் சேர்ந்து வர வேண்டும். மூன்று சிலிண்டர் அதிர்வுக்கென்று செய்யாத பாடியில் அதைக் கட்டினால் நின்றுகொண்டிருக்கும்போது டாஷ்போர்டு தாளம் போடும், நான் பார்த்த ஒரு வண்டியில் போட்டது. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கேட்டார்கள். அதற்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கே10 காரையே வாங்கிவிடலாமே என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

வேகன் ஆர் 1061 சிசிக்கும் இதே பிரச்சினைகள்தான், கொஞ்சம் சின்ன அளவில். விடுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஆர்சி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்வது இதுதான்: ஆர்சியில் எழுதியிருக்கும் விவரம் உற்பத்தியாளர் முதலில் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. என் ஆர்சியில் 993 சிசி. உள்ளே 1298 உட்கார்ந்திருந்தால், ஒன்றும் நடக்காதவரை ஒன்றும் நடக்காது. ஒரு விபத்து என்று வந்து இன்சூரன்ஸ்காரர் பானெட்டைத் திறந்தால் அப்போது நடக்கும். அதோடு என் வண்டி 15 வருஷம் எப்போதோ தாண்டியாகிவிட்டது. 2018இல் ஒரு தடவை, 2023இல் ஒரு தடவை பதிவைப் புதுப்பித்தேன். 2022 ஏப்ரல் வரை 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆகி, 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆகிவிட்டது. 2028இல் பத்தாயிரத்தைக் கட்டிவிட்டுப் போய் நிற்கும்போது ஆய்வாளர் டார்ச் அடித்து இன்ஜின் எண்ணைப் பார்ப்பார். அங்கே நின்று என்னால் முழிக்க முடியாது. எஸ்டீம் போட்ட நண்பர் இதற்கு என்ன செய்யப் போகிறார் என்று கேட்டேன். "பார்த்துக்கலாம்" என்றார். அவருக்கு அந்தத் தைரியம் இருக்கிறது, எனக்கு இல்லை.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, அதே ஜி10 எம்பிஎஃப்ஐ. இதிலும் குறை இருக்கிறது, மறைக்கவில்லை. ஜென் உற்பத்தி 2006இல் நின்றுபோனது. நீங்கள் எங்கே தேடி எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் குறைந்தது 18, 19 வயசான இன்ஜின்தான் கிடைக்கும். மீட்டரில் எவ்வளவு ஓடியது என்று சொல்கிற எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

இந்த இடத்தில்தான் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கும் ஒரு மெக்கானிக் பட்டறைக்குப் போனேன். பெயர் எழுதவில்லை; அதை நடத்தும் மெக்கானிக் பாயே வேண்டாம் என்றுவிட்டார், ஏற்கெனவே தாங்க முடியாத வேலை. இன்ஜினைத் தூக்கும் சங்கிலிக் கப்பி (செயின் பிளாக்) ஒன்றே ஒன்று, மூன்று வண்டி நிற்க இடம், நாலாவது வண்டி எப்போதும் ரோட்டில். அறுபதைத் தாண்டியவர், ஜென் வந்த நாளிலிருந்து இந்த இன்ஜினைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறார். நான் என் ஆராய்ச்சி எல்லாவற்றையும் கொட்டினேன், எஸ்டீம், கே10, குதிரைத்திறன், முறுக்குவிசை. முழுக்கக் கேட்டுவிட்டு, "இன்னா தம்பி, எங்க ஓட்டப் போற வண்டிய?" என்றார். வழியைச் சொன்னேன். "அந்த ரோட்டுக்கு எண்பத்தஞ்சு குதுர எதுக்கு? சூடாவாம நிக்கணும், ஏசி போடணும், கெட்டுப்போனா நாளைக்கே பார்ட்ஸ் கெடைக்கணும். அவ்ளோதான?" அவ்வளவுதான். ஏழு பேரிடம் கேட்டு வராத தெளிவு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வந்தது.

அடுத்து அவர் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. இன்ஜின் பேச்சை விட்டுவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய், கிராஸ் மெம்பர் (அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம்), இன்ஜின் மவுண்ட் உட்காரும் இடம், தரைத் தகடு என்று இருபது நிமிஷம் குத்திக் குத்திப் பார்த்தார். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காற்றில் நிற்கிற வண்டிகளில் அந்த இடமெல்லாம் பிஸ்கட் மாதிரி ஆகிவிடுமாம். "சட்டம் போய்ட்ருந்தா உன்ன திருப்பி அனுப்பிருப்பேன்" என்றார். என் வண்டி கொடுங்கையூரில் கடலை விட்டுத் தள்ளி நின்றதால் பிழைத்தது, ஓட்டுநர் பக்கத் தரையில் மட்டும் கைக்குட்டை அளவுக்கு ஒரு ஒட்டு.

இன்ஜின் வாங்கும்போதும் கூடவே வந்தார். முதல் இன்ஜின் வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தது, டீசல் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் டீ நிறத்தில் பிசுபிசு. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டோ, அதற்கு அடியில் இருக்கும் கேஸ்கட்டோ போயிருக்கலாம். பாய் மூடியைத் திருப்பி மாட்டிவிட்டு எதுவும் பேசாமல் வெளியே வந்துவிட்டார். இரண்டாவதில் ஆயில் நன்றாக இருந்தது, ஆனால் இன்ஜின் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் ஓட்டிய தடம். அதைத் தொடவே விடவில்லை. மூன்றாவது அழுக்குப் பிடித்து, சிலந்திக்கூடு கட்டி, யாரும் தொடாமல் கிடந்தது. அழுக்கு நல்லது, யாரும் பிரிக்கவில்லை என்று அர்த்தம் என்றார். கியர் பாக்ஸோடு கிடந்ததால் அதிலேயே செல்ஃப் மோட்டாரை மாட்டி, பேட்டரி கொடுத்து, நாலு பிளக்கையும் கழற்றி, பிரஷர் கேஜ் வைத்துச் சுற்றினார். நாலு சிலிண்டரிலும் வந்த அழுத்தம் 168, 172, 170, 165. நாலும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம், ஒன்று மட்டும் 120இல் நின்றால் அந்த சிலிண்டரில் ரிங்கோ வால்வோ கதை முடிந்திருக்கும். காசு கொடுப்பதற்கு முன்னால் இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். அதேபோல் பில். இன்ஜின் எண், எந்த வண்டியிலிருந்து கழற்றியது, அந்த வண்டியின் பதிவு ரத்தான தாளின் நகல், இதெல்லாம் வாங்கினேன். பில் இல்லாமல் என்றால் நாலாயிரம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார் கடைக்காரர். அந்த நாலாயிரத்துக்கு ஆசைப்பட்டிருந்தால் ஆர்டிஓ பக்கமே போயிருக்க முடியாது.

செலவை அப்படியே எழுதுகிறேன், பலர் கேட்கிறார்கள். இன்ஜின் 24,000. கூலி 9,500. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் செட்டாக 3,200. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் 3,600. ஆயில் சீல், கேஸ்கட் 1,800. மவுண்ட் ரப்பர் 2,900. ஹோஸ்கள் 1,600. ஆயில், கூலன்ட், ஃபில்டர், பிளக் 3,400. ஆக மொத்தம் சரியாக 50,000. முதலில் பேசியது 38,000. வித்தியாசம் எல்லாம் நான் ஒத்துக்கொண்டு ஏறியதுதான். இன்ஜின் வெளியே தரையில் கிடக்கும்போது பின்பக்க ஆயில் சீல் மாற்ற சில நூறு ரூபாய். ஏற்றிய பிறகு அது ஒழுகினால் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும், சீலின் விலையைப் போல் பத்து மடங்கு கூலி. டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். பழைய இன்ஜின் வாங்குகிறவர்கள் இன்ஜின் விலையைப் போல் இன்னொரு மடங்கு கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பெட்ரோல் ஹோஸ் மாற்றியதும் இதில்தான். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, 2003இல் போட்ட ரப்பர் அதற்கென்று செய்ததில்லை, கையில் எடுத்து வளைத்தால் வெடிப்பு தெரிந்தது.

வயரிங், இசியு, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது), இன்டேக் எல்லாம் என் வண்டியுடையதே. அதே வகை இன்ஜின் வாங்கியதன் பலன் இங்கேதான். எந்த ஒயரையும் வெட்டவில்லை, எல்லா சாக்கெட்டும் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது.

பட்டறையின் குறையையும் சொல்ல வேண்டும். ஐந்து நாள் என்றார், ஆனது 19 நாள். ஆடி மாசம், தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள், உதவிப் பையன்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் கரகத்தின் பின்னால் போய்விட்டார்கள். மவுண்ட் ரப்பர் ஒன்று வர நாலு நாள். போன் செய்தால் எடுக்க மாட்டார், நேரில் போய் நின்றால்தான் வேலை நகரும். நான் சாயங்காலம் அம்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து பட்டறையில் நின்றுவிட்டு, வியாசர்பாடியில் பர்மாக்காரர்கள் நடத்தும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். அந்த 19 நாளில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். கொடுக்கும்போது ஏசி கம்ப்ரசர் பிராக்கெட்டில் ஒரு போல்ட்டை விட்டுவிட்டார்கள், இரண்டாம் நாளே கடகட சத்தம். போய் நின்றதும் திட்டிக்கொண்டே மாட்டிக் கொடுத்தார். திட்டு எனக்கில்லை, பையனுக்கு.

முதல் வாரத்தில் பெரிய பயம் ஒன்று வந்தது. ரெட்டேரி சந்திப்பில், மத்தியானம், ஏசி ஓடிக்கொண்டிருக்க, டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே மேலே போகிறது. ஏசியை அணைத்து ஹீட்டரைப் போட்டேன், சென்னை வெயிலில் ஹீட்டர் போட்டு ஓட்டியிருக்கிறீர்களா, அது தனி அனுபவம். கொஞ்சம் இறங்கியது. ஓரம் கட்டி நிறுத்தி, ஹெட் போன இன்ஜினைத் தலையில் கட்டிவிட்டார்கள், 50,000 போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். பாய்க்குப் போன் போட்டேன், அன்று அதிசயமாக எடுத்தார். "ஃபேன் சுத்துதா பாரு." சுற்றவில்லை. இன்னொரு பக்கம் மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. கூலன்ட் ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டு, தண்ணீர் சுற்றாமல், ஃபேன் சுவிட்ச் இருக்கும் இடத்துக்குச் சூடே போகவில்லை. அதனால் ஃபேனும் கிளம்பவில்லை. ஆற விட்டு, மூடியைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, குமிழ் வருவது நிற்கும்வரை கூலன்ட் ஊற்றச் சொன்னார். மறுநாள் பட்டறையில் ஃபேன் சுவிட்சையும் மாற்றிவிட்டார், காசு வாங்கவில்லை. முதல் நாளே செய்து அனுப்பியிருக்க வேண்டிய வேலை என்பதால் இதற்குப் பாராட்டும் கிடையாது. அதன் பிறகு 14 மாதத்தில், மே மாத வெயில் உட்பட, முள் பாதியைத் தாண்டவில்லை.

ஓட்ட எப்படி இருக்கிறது? பழைய ஜென் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறேன். கீழே கொஞ்சம் சோம்பேறி, ஏசி போட்டு மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது இரண்டாவது கியருக்கு வந்தாக வேண்டும். ஆனால் சுற்று ஏற ஏற அந்த நாலு சிலிண்டர் பாடும் பாட்டு இந்தக் கால மூன்று சிலிண்டரில் வராது. என் ரோட்டில் லிட்டருக்கு 12இலிருந்து 13. மீஞ்சூர் வண்டலூர் வெளிவட்டச் சாலையில் குடும்பத்தோடு போனபோது 17 கொடுத்தது. 14 மாதத்தில் 11,000 கிலோமீட்டர், மூன்று தடவை ஆயில் மாற்றம், இடையில் ஆயில் ஊற்றவே இல்லை, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது புகை இல்லை. அப்பாவை உட்கார வைத்து ஒரு சுற்று போனேன். மாதவரம் தாண்டியதும், "பழைய சத்தம் வந்துடுச்சு" என்றார். அவருக்கு இது வேறு இன்ஜின் என்று ஒருமுறை சொன்னேன், காதில் வாங்கவில்லை, நானும் மறுபடி சொல்லவில்லை.

ஆர்டிஓ வேலையும் முடிந்தது. பில், ரத்தான ஆர்சி நகல், இன்சூரன்ஸ், வண்டி எல்லாவற்றையும் கொண்டுபோய், இன்ஜின் எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுத்து, மூன்று நடையில் புது இன்ஜின் எண் ஆர்சியில் ஏறியது. அதே சிசி, அதே எரிபொருள் என்பதால் கேள்வி அதிகம் வரவில்லை.

எஸ்டீம் நண்பரின் வண்டி இன்னும் என் கனவில் வருகிறது, அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற இரண்டாவது வண்டி, காலியான ரோடு, பிரேக்குக்கும் சேர்த்துச் செலவு செய்ய மனசு, ஆர்சிக்கு ஒரு வழி, இவ்வளவும் இருந்தால் அதைப் போடுங்கள், நானே வந்து ஓட்டிப் பார்க்கிறேன். தினமும் வேலைக்குப் போகிற ஒரே வண்டி என்றால் எது இறங்கியதோ அதையே ஏற்றுங்கள்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் லேசாக ஆயில் கசிகிறது, ஒரு ஓ-ரிங்தான் (ரப்பர் வளையம்), சனிக்கிழமை போகிறேன். அந்தப் பக்கம் தேடிப்போகிறவர்கள் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் செயின் பிளாக்கில் வேறு யாருடைய இன்ஜினாவது தொங்கிக்கொண்டிருக்கும், பாய் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.